கவென்ட்ரியின் கருகிய சிலுவை



இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள கவென்ட்ரி நகரில் காணத்தக்கவற்றுள் தலையாயது ஒரு பாழடைந்த பேராலயம். 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு, ஜெர்மானிய விமானங்கள் பொழிந்த குண்டுகளால் அது எரிந்தது. கோபுரமும் புறச்சுவர்களுமே எஞ்சின. கட்டடக் கலைஞர் பேசில் ஸ்பென்ஸ் அச்சிதைவுகளை அகற்றாமல், அவற்றின் அருகே புதிய ஆலயத்தை அமைத்தார். 1962இல் அது அருட்பொழிவு பெற்றது.

கருகிய உத்தரங்கள் இரண்டைப் பிணைத்துச் சிலுவையாக்கினர். பழைய பீடத்தின் பின்சுவரில், 'தந்தையே, மன்னியும்' என்னும் இரு சொற்களைப் பொறித்தனர். 'அவர்களை' என்ற சொல் அங்கில்லை. பகைவர் மட்டுமன்று, நாமும் மன்னிப்புக்கு உரியோரே என்பது கருத்து. வெற்றித் தூண்கள் பல நகரங்களில் உண்டு. இத்தகைய சுவரோ அரிது.