பெயரைக் கேட்டுச் சாத்திய கதவு

சிறிய அலுவலகங்கள், பட்டறைகள், அச்சகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். ரவுட்டரில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் அதை எப்படி அடைப்பது என்று வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கண்டுபிடிப்பது, கம்பெனிக்குச் சொல்வது, திருத்தம் வெளியிடுவது, அதை நாம் ஏற்றிக்கொள்வது என்று நான்கு கட்டம் உண்டு. நான்கையும் வரிசையாகச் சொன்னால் நீங்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சிறு தொழில்களுக்கென்றே சிஸ்கோ விற்ற ரவுட்டர்கள் ஆர்வி320, ஆர்வி325. ஜெர்மனியில் ரெட்டீம் பென்டெஸ்டிங் என்ற சோதனைக் குழு 2018 செப்டம்பரில் அவற்றில் ஓர் ஓட்டையைப் பிடித்தது. ரவுட்டரின் செட்டிங்ஸ் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கித் தரும் பக்கம் ஒன்று உள்ளே உண்டு. கேட்கிற ஆள் பாஸ்வேர்ட் போட்டாரா என்று அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கோப்புக்குள் விபிஎன் விவரங்கள், அட்மின் பாஸ்வேர்டின் ஹாஷ், அதாவது உருமாற்றி வைத்த வடிவம், எல்லாம் இருந்தன. அசல் பாஸ்வேர்ட் இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். அந்த ரவுட்டருக்குள் நுழைய ஹாஷே போதும்!

2019 ஜனவரியில் சிஸ்கோ திருத்தம் வெளியிட்டது. விவரம் வெளியே வந்த சில நாளிலேயே, ஓட்டையுள்ள ரவுட்டர்களை இணையத்தில் யார் யாரோ துழாவத் தொடங்கிவிட்டார்கள். அப்படி ஒன்பதாயிரத்துக்கும் மேலான ரவுட்டர்கள் வெளியே தெரிந்தன. சரி, திருத்தத்தைப் போட்டவர்களாவது தப்பித்தார்களா? அதே ஜெர்மன் குழு, விட்டுவிடாமல், திருத்திய ரவுட்டரை மறுபடி சோதித்தது.

இணையத்தில் ஒரு பக்கத்தைக் கேட்கும் மென்பொருள் வழக்கமாகத் தன் பெயரைச் சொல்லித்தான் கேட்கும். குரோம் தன்னைக் குரோம் என்று சொல்லும். கர்ல் என்று ஒரு சின்னக் கருவி, எங்கள் தொழிலில் தினமும் புழங்குவது. ஓட்டையைச் செய்து காட்ட அந்தக் குழு அதைத்தான் பயன்படுத்தியிருந்தது. வந்த திருத்தம் என்ன தெரியுமா? கர்ல் என்ற பெயரில் வந்தால் மட்டும் கொடுக்காதே! நீலச் சட்டைக்காரன் திருடினான் என்றதும், நீலச் சட்டை போட்டவனை உள்ளே விடாதே என்று காவலாளிக்குச் சொன்ன மாதிரி. அந்தக் குழுவினர் பெயரில் ஓரெழுத்தை மாற்றிக் கேட்டார்கள். கோப்பு வந்துவிட்டது. அதை 2019 மார்ச்சில் வெளியே சொன்னார்கள். முறையான திருத்தம் ஏப்ரலில் வந்தது. சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அந்த இடைவெளியில் அப்டேட் போட்டாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கியவர்களை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

அதிலிருந்து என்னிடம் வேலை செய்யும் பையன்களிடம் ஒன்றுதான் சொல்வேன்: அப்டேட் போட்டேன் என்று வந்து சொல்லாதே, வெளியே நின்று தட்டிப் பார்த்துவிட்டுச் சொல். ஒரு அச்சகத்தில் புது ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரின் உள் மென்பொருள், ஏற்றினோம். உரிமையாளர் அம்மா, "அதான் பச்சை லைட் எரியுதே தம்பி, இன்னும் என்ன?" என்றார். வைஃபையை அணைத்துவிட்டு, அவருடைய போனில் மொபைல் டேட்டாவிலிருந்தே அச்சகத்தின் ஐபி முகவரியைப் போடச் சொன்னேன். ரவுட்டரின் லாகின் பக்கம் வந்து நின்றது. "இது எல்லாருக்கும் தெரியுமா?" என்றார். தெரியும் அம்மா, உலகத்துக்கே தெரியும். வெளியிலிருந்தே ரவுட்டரை நிர்வகிக்க விடும் ரிமோட் மேனேஜ்மென்ட் என்று ஒரு டிக் மார்க், யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போனது. அதை எடுத்ததும் பக்கம் வரவில்லை. நீங்களும் இன்றைக்கே இதைச் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். புதுப்பித்த கையோடு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், பழையது ஏற்கெனவே கசிந்திருக்கலாம். ரவுட்டருக்கு வயதாகிவிட்டதா என்றும் பாருங்கள்: சிஸ்கோவே 2022-இல் ஆர்வி110டபிள்யூ போன்ற பழைய மாடல்களில் கண்ட ஓட்டைக்குத் திருத்தம் தரமாட்டோம், புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டது. இத்தனையும் செய்தபின், வெளியிலிருந்து ஒரு தடவை நீங்களே தட்டிப் பாருங்கள். வருகிற திங்கட்கிழமை கடை திறந்ததும் நாலு பேராவது அதைச் செய்வீர்கள் என்று நம்புகிறேன்.