ஆபரேஷனுக்கு முன்னால் எதையும் மறைக்காதீர்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எடை குறைப்பு ஆபரேஷனைப் பற்றி நம்மவர்கள் பலரும் தனியாக விசாரிக்கிறார்கள், சபையில் எழுந்து கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள் என்று காரியதரிசி சொன்னார். அதனால் நானே பேசிவிடுகிறேன். நான் சர்ஜன் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்தவள். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா, வேண்டாமா என்பதை அவரவர் டாக்டருடன் கலந்து முடிவு செய்யுங்கள். அப்படி முடிவானபின், அட்மிட் ஆவதற்குச் சில வாரங்கள் முன்னால் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வார்கள். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அன்றைக்கு நடப்பது பரீட்சை அல்ல. நம் குடும்பங்களில் பரீட்சை என்றால் நூற்றுக்கு நூறு வாங்கித்தான் பழக்கம். ஆஸ்பத்திரியிலும் அதே ஞாபகத்தில் "குறட்டை இல்லை, மாத்திரை இல்லை, எல்லாம் நார்மல்" என்று பதில் சொல்லிவிடுகிறோம். அங்கே நல்ல மார்க் வாங்குவதில் ஒரு லாபமும் கிடையாது. உள்ளதைச் சொன்னால்தான் லாபம்.

அன்று காலையில் உயரமும் எடையும் பார்த்து பி.எம்.ஐ. கணக்கிடுவார்கள். 160 சென்டிமீட்டர் உயரம், 96 கிலோ எடை என்றால் பி.எம்.ஐ. 37.5. பிறகு ரத்தப் பரிசோதனை. சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி., தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், இரும்புச் சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி எல்லாம் பார்ப்பார்கள். சைவ உணவுக்காரர்களுக்கு பி12 குறைவாக இருப்பது சகஜம். ஆபரேஷனுக்குப் பிறகு அது இன்னும் குறையும் என்பதால் முன்கூட்டியே சரிசெய்வார்கள். இ.சி.ஜி., தேவைப்பட்டால் எக்கோ, பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன், பல இடங்களில் இரைப்பைக்குள் எண்டோஸ்கோபி இவையும் உண்டு. எண்டோஸ்கோபியைத் தண்டச் செலவு என்று நினைக்க வேண்டாம். அதில் தெரிவதை வைத்து ஆபரேஷனின் வகையே மாறலாம். நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவருக்கு, இரைப்பையைக் குழாய் போல் குறுக்கும் ஸ்லீவ் முறையைவிட பைபாஸ் முறை பொருத்தமாக இருக்கக்கூடும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். அதைத் திரும்ப ஒட்ட முடியாது. எனவே எந்த முறை, ஏன் என்று அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது எங்கள் அறை. வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வோம், கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்வோம், கழுத்தின் சுற்றளவை டேப் வைத்து அளப்போம். மயக்கத்தில் இருக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைக்க வேண்டும். அது எளிதா, கஷ்டமா என்பதை முன்னாலேயே தெரிந்துகொள்ளத்தான் இதெல்லாம். ஆடுகிற பல், கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

பிறகு குறட்டை. 2008-ல் டொராண்டோவில் டாக்டர் ஃபிரான்சிஸ் சங் குழுவினர் ஸ்டாப்-பேங் என்று எட்டுக் கேள்விகளை வகுத்தார்கள். சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா, பகலில் அசதியா, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டுவிட்டு, பி.எம்.ஐ., வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். மூன்று அல்லது அதற்கு மேல் 'ஆம்' என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் வியாதி இருக்க வாய்ப்புண்டு. "எனக்குக் குறட்டையா? கிடையவே கிடையாது" என்று மாமா சொல்வார். பின்னால் நிற்கும் மாமி எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். நாங்கள் மாமியைத்தான் நம்புவோம். இந்த வியாதி இருப்பவருக்கு மயக்க மருந்தும் வலி மருந்தும் சேர்ந்து ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சை அமுக்கிவிடலாம். முன்பே தெரிந்தால் சிபேப் கருவி வைத்துக் காப்பாற்றலாம். வீட்டில் அந்தக் கருவி இருந்தால் அட்மிட் ஆகும்போது கையோடு கொண்டுவாருங்கள்.

இனி மாத்திரைகள். பட்டியல் எழுதி வரச் சொன்னால் நான்கு எழுதி மூன்றை மறந்துவிடுவோம். அதனால் வீட்டிலுள்ள மருந்து டப்பாவை அப்படியே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சூரணம், லேகியம், ஹோமியோபதி, உடம்பு இளைக்க வாங்கிய பவுடர் எதையும் விட வேண்டாம். மூக்குப்பொடி, வெற்றிலையுடன் புகையிலை, சிகரெட், மது எதுவானாலும் சொல்லுங்கள். புகையிலையைக் குறைந்தது ஆறு வாரம் முன்னால் நிறுத்த வேண்டும்.

ஒரு பெரியவர் வந்திருந்தார். மூன்று தடவை கேட்டும் இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார். இ.சி.ஜி.யும் நன்றாகத்தான் இருந்தது. அட்மிட் ஆன அன்று மாலை அவர் சம்சாரம் கொண்டுவந்த பையில் க்ளோபிடோக்ரெல் இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அவர். சொன்னால் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறார். இருதய டாக்டரைக் கலந்து ஆபரேஷனைத் தள்ளிவைத்தோம். பிற்பாடு நல்லபடியாக நடந்தது. அந்தப் பையை யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் மறுநாள் மேஜைமேல் ரத்தம் நிற்காமல் நாங்கள் திண்டாடியிருப்போம். அதைவிட, அந்த மாத்திரையை அவரே தானாக நிறுத்தியிருந்தால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டிருக்கலாம். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம்.

சர்க்கரை மாத்திரைகளில் இரண்டு வகைக்கு விசேஷ கவனம் வேண்டும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்றவற்றைக் குறைந்தது மூன்று நாள் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியோடு அவை சேர்ந்தால், சர்க்கரை அளவு அதிகமில்லாமலே ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு. இன்னொன்று, 2025-ல் நம் நாட்டு மருந்துக் கடைகளுக்கு வந்த மவுஞ்சாரோ, வீகோவி போன்ற எடை குறைப்பு ஊசிகள். இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி இருந்தும் வயிற்றில் ஆகாரம் தங்கியிருந்தால், மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். கடைசியாக எந்தத் தேதியில் போட்டுக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள்.

பட்டினி என்றதும் காபி ஞாபகம் வருகிறது. பொதுவான விதி இது: திட உணவு ஆறு மணி நேரம் முன்பு வரை, தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. பால் திட ஆகாரக் கணக்கில்தான் சேரும். "ஒரு வாய் காபிதானே" என்று காலையில் குடித்தால் அன்றைய ஆபரேஷன் ரத்தாகும். ஆஸ்பத்திரி எழுதிக் கொடுக்கும் நேரத்தை அப்படியே கடைப்பிடியுங்கள்.

டயட்டீஷியன் பெரும்பாலும் இரண்டு வார உணவுத் திட்டம் கொடுப்பார். அதில் சாதம், இட்லி, உருளைக்கிழங்கு, இனிப்பு இருக்காது. கல்லீரல் இரைப்பையின்மேல் படர்ந்திருக்கிறது. இந்தப் பத்தியத்தில் அது சுருங்கினால்தான் சர்ஜனுக்கு இடம் கிடைக்கும். அந்த நாட்களில் இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் குறைக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு தினம் 60 கிராமாவது புரதம் வேண்டும். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 6 கிராம்தான். பால், தயிர், பருப்பு மட்டும் போதாது. பனீர், சோயா, புரதப் பவுடர் எல்லாம் தேவைப்படும். ஏகாதசி உபவாசம் இருப்பவர்கள் அதையும் அங்கேயே சொல்லிக் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பின் தண்ணீர்கூட இல்லாமல் இருப்பது அபாயம்.

ஆசாரம் பற்றியும் அன்றைக்கே பேசிவிடலாம். ரத்தக் கட்டி வராமல் இருக்கப் போடும் ஹெப்பாரின், எனாக்ஸாபாரின் ஊசிகள் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. ஃபாண்டாபாரினக்ஸ் என்று செயற்கையாகத் தயாரிப்பதும் உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஜெலட்டின் கேப்ஸ்யூல் வேண்டாம் என்றால் அதையும் சொல்லலாம். தியேட்டருக்குள் உலோக நகை கூடாது. மாங்கல்யத்தைக் கழற்றி மஞ்சள் சரடு மட்டும் கட்டிக்கொள்ளலாமா, பூணூல் இருக்கலாமா என்று முன்னதாகக் கேட்டு வைத்துக்கொண்டால் அன்று காலையில் மனக்கஷ்டம் இராது.

மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொல்வார்கள். பைத்தியமா என்று சோதிக்க அல்ல. கவலை வந்தால் சாப்பிடுகிறீர்களா, ராத்திரியில் எழுந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார். இங்கே பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பெண்ணையோ பிள்ளையையோ அழைத்து வந்தால் இந்த அறைக்கு வெளியே உட்காருங்கள். "கல்யாணத்துக்குள் இளைத்தாக வேண்டும்" என்று அம்மா சொல்ல, பெண் தலையைக் குனிந்துகொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் அந்தப் பெண்ணின் உடம்பில். வேண்டும் என்று அவள் வாயால் வர வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை கர்ப்பம் கூடாது என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக இன்சூரன்ஸ். சர்வதேச, அமெரிக்க எடை குறைப்பு அறுவை சங்கங்கள் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 27.5-லிருந்தே ஆபரேஷனை யோசிக்கலாம் என்கிறது. ஆனால் நம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் தரப்படுத்திய விதி வேறு. பி.எம்.ஐ. 40, அல்லது 35-உடன் கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத் தடை, இருதய நோய் போன்ற ஒன்று இருக்க வேண்டும். மற்ற முறைகளை முயன்று பலிக்கவில்லை என்பதும் வேண்டும். நான் முதலில் சொன்ன 37.5-காரருக்கு டாக்டர் சரி என்றாலும் கம்பெனி மறுக்கலாம். பாலிசியைப் படித்து முன் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஆனபின் டாக்டர் "இன்னும் ஒரு மாதம் போகட்டும்" என்றால் அபசகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்காகத்தான் தள்ளிவைக்கிறார்கள். சம்பந்தி வீட்டாருக்கும் அக்கம்பக்கத்துக்கும் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் இஷ்டம். மயக்க மருந்து டாக்டரிடம் மட்டும் ஒன்றையும் பாக்கி வைக்காதீர்கள்.