கொல்லைப்புறத்தில் ஒரு விடுமுறை

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பல வீடுகளில் எழும் கேள்வி, பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதுதான். கையில் பணமில்லாத பெற்றோர் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிடுகின்றனர். பிள்ளை அமைதியாகிவிடுகிறது, விடுமுறையும் அதிலேயே கரைந்து போகிறது.

வீட்டின் பின்புறம் சிறிது மண் இருந்தாலே போதும். வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைக் குழிகள் தோண்டி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டால் பல்லாங்குழி தயார். இரு முனையிலும் ஒரு பெரிய குழியைச் சேர்த்தால் அதுவே மலாய்ப் பிள்ளைகள் ஆடும் சொங்காக். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கொள்வார்கள்.

சந்தையில் வாங்கிய கங்கோங் கீரையைச் சமைத்தபின், கணுவுள்ள தண்டுகளை ஈர மண்ணில் நட்டால் வேர் பிடிக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் கீரை பறிக்கலாம். தான் நீரூற்றி வளர்த்த கீரையைப் பிள்ளை எளிதில் ஒதுக்காது.

பூச்சட்டித் தட்டு, வாளி, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கிய நீரைத் தேடிக் கொட்டுவதையும் ஒரு விளையாட்டாக்கலாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரமே போதும். ஆகவே வாரந்தோறும் நடக்கும் இந்தத் தேடல் குடும்பத்தை டிங்கியிலிருந்து காக்க உதவும்.

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஆனால் பல்லாங்குழியின் எதிர்ப்பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். வேலை முடிந்து களைத்து வரும் தாயோ தந்தையோ, வீட்டிலிருக்கும் பாட்டியோ அரை மணி நேரம் உட்கார்ந்தால், பள்ளி திறக்கும் நாளில் ஆசிரியரிடம் சொல்லப் பிள்ளைக்கு நிறையவே இருக்கும்.