இக்கபோத்: ஒரு பெயரின் கனம்



பெயர் என்பது ஒருவரைப் பிறரினின்று பிரித்துக் காட்டும் அடையாளம் என்பது பொதுவான கருத்து. எபிரேய மரபில் பெயர் அவ்வளவில் நிற்பதில்லை. குழந்தை பிறந்த வேளையின் மகிழ்ச்சியும் துயரும் பெற்றோரின் வேண்டுதலும் அதில் பதிந்திருக்கும். ஈசாக்கு என்னும் பெயரில் முதுமைக் காலத்துப் பெற்றோரின் சிரிப்பு அடங்கியுள்ளது. சாமுவேல் என்னும் பெயருக்கு, இறைவனிடம் கேட்டுப் பெற்ற பிள்ளை என அவன் தாய் அன்னாள் விளக்கம் தருகிறாள். இவ்வரிசையில் பலரும் கருதாது கடந்து செல்லும் சிறு பெயர் ஒன்று உண்டு. அதுவே இக்கபோத் என்பது. எபிரேய விவிலியம் முழுவதிலும் இப்பெயர் இரண்டே இடங்களில் வருகிறது. அப்பெயருக்கு உரியவன் பேசிய சொல்லோ செய்த செயலோ எங்கும் குறிக்கப்படவில்லை. எனினும் ஒரு காலத்தின் வீழ்ச்சி முழுவதையும் அப்பெயர் தாங்கி நிற்கிறது.

பெயர் பிறந்த சூழல்

சாமுவேலின் முதல் நூல் நான்காம் அதிகாரம் இப்பெயரின் வரலாற்றைக் கூறுகிறது. இஸ்ரவேலரின் வழிபாட்டிடம் அந்நாளில் சீலோவில் இருந்தது. அங்கு ஆசாரியராக விளங்கியவர் ஏலி. அவருக்கு வயது 98. 40 ஆண்டுகள் மக்களை நியாயம் விசாரித்தவர். அவர் மைந்தர் ஓப்னியும் பினெகாசும் மக்கள் கொணர்ந்த காணிக்கைகளைத் தமக்கெனப் பறித்துக்கொண்டனர். தந்தையின் கண்டிப்பு அவர்களைத் திருத்தவில்லை.

பெலிஸ்தரோடு நிகழ்ந்த போரில் இஸ்ரவேலர் ஏறத்தாழ 4,000 பேரை இழந்தனர். உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்திற்குக் கொண்டுவந்தால் வெற்றி கிட்டும் என்று நம்பிய மூப்பர், சீலோவிலிருந்து அதனை வரவழைத்தனர். இரண்டாம் போரில் வீழ்ந்தோர் 30,000 பேர் என்கிறது நூல். பெட்டி பகைவர் கைப்பட்டது. ஏலியின் மைந்தர் இருவரும் மாண்டனர். செய்தி சீலோவை எட்டியது. மைந்தர் இறந்தமை கேட்டும் இருக்கையில் நிலைத்திருந்த ஏலி, பெட்டி பிடிபட்டது என்ற சொல்லைக் கேட்டதும் மல்லாந்து விழுந்து பிடரி முறிந்து இறந்தார்.

பினெகாசின் மனைவி அப்போது நிறைசூலி. செய்தி கேட்டதும் அவளுக்குப் பேறுகால வேதனை வந்தது. உடனிருந்த பெண்கள், அஞ்சாதே, ஆண்பிள்ளை பெற்றாய் என்று தேற்றினர். அவள் விடை கூறவில்லை, அச்சொல்லைப் பொருட்படுத்தவுமில்லை. பிள்ளைக்கு இக்கபோத் எனப் பெயரிட்டு, இஸ்ரவேலை விட்டு மகிமை அகன்றது என்று கூறி உயிர் நீத்தாள்.

இல்லையா, எங்கேயா, ஐயோவா?

இப்பெயரில் இரண்டு உறுப்புகள் உள்ளன. பின்னுறுப்பாகிய 'கபோத்' மகிமை என்று பொருள்படும் என்பதில் ஐயமில்லை. முன்னுறுப்பே ஆய்வுக்குரியது. அதனை 'இல்லை' என்னும் எதிர்மறையாகக் கொண்டால் 'மகிமை இல்லாதவன்' என்று பொருள்படும். முதல் நூற்றாண்டில் யூதர் வரலாற்றை எழுதிய யோசேப்பு இவ்வாறே விளக்கினார். 'எங்கே' என்னும் வினாவாகக் கொண்டால் 'மகிமை எங்கே?' என்றாகும். யேசபேல் என்னும் அரசியின் பெயரையும் அறிஞர் பலர் இவ்வாறே வினாவாகப் பிரிப்பர். 1929 முதல் அகழப்பெற்ற உகரித்து நகரின் களிமண் பலகைகளில், பாகால் தெய்வம் மறைந்த காலத்தில் 'தலைவன் எங்கே' என்று தேடும் வினா காணப்படுவது இதற்கு வலுவூட்டும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்போ இவ்விடத்தில் 'ஐயோ' என்னும் பொருளுடைய புலம்பல் சொல்லைப் பெய்துள்ளது.

மறுப்பு, தேடல், புலம்பல் என்னும் மூன்றும் இழப்புற்ற உள்ளத்தின் மூன்று நிலைகளாகும். சாகுந்தறுவாயில் இருந்த ஒரு தாயின் வாய்ச்சொல்லில் இம்மூன்றையும் பிரித்தறிவது எளிதன்று.

கனம் என்னும் வேர்

'கபோத்' என்பதன் வேர்ப்பொருள் பாரம் என்பது. எபிரேயர் சிந்தனையில் மதிப்புடையது எதுவோ அது கனமுடையது. தமிழில் இதனை விளக்குவது எளிது. தமிழிலும் 'கனம்' என்னும் சொல் எடையையும் குறிக்கும், மதிப்பையும் குறிக்கும். ஒரு காலத்தில் அமைச்சர் பெயருக்கு முன் 'கனம்' என்னும் அடைமொழி வழங்கிற்று. தாய் தந்தையரைப் போற்றுமாறு கூறும் கட்டளையைத் தமிழாக்கியோர் 'கனம்பண்ணு' என்னும் சொல்லை ஆண்டனர். மூலத்தில் அங்கே வருவதும் இதே வேர்தான்.

இவ்வேரைத் துணையாகக் கொண்டு மூலத்தைப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். இரண்டாம் அதிகாரத்தில், இறைவனைவிடத் தம் மைந்தரைக் கனம்பண்ணினார் என்று ஏலி மேல் குற்றம் சாட்டப்படுகிறது. நான்காம் அதிகாரத்தில் ஏலி விழுந்து இறந்ததற்கு, அவர் முதியவர், உடல் கனத்தவர் என்பன காரணங்களாகக் காட்டப்படுகின்றன. மதிப்பைத் தவறான இடத்தில் வைத்தவர் தம் எடையாலேயே வீழ்கிறார். அடுத்துப் பிறக்கும் பிள்ளை கனமற்றவன் என்னும் பெயரைப் பெறுகிறான். ஐந்தாம் அதிகாரத்தில், பெட்டியைக் கவர்ந்து சென்ற அஸ்தோத்து மக்கள் மேல் இறைவனின் கை பாரமாயிற்று என்று வருகிறது. இஸ்ரவேலை விட்டகன்ற கனம் பகைவர் நாட்டில் பாரமாக உணரப்பட்டது. இவை யாவும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். இக்கபோத் என்னும் பெயர் இச்சொற்கோவையின் நடுவில் அமைந்திருப்பது கருதத்தக்கது.

தாயின் சொல்

இப்பெயரை இட்டவளின் பெயர் நூலில் இல்லை. பினெகாசின் மனைவி, ஏலியின் மருமகள் என்றே அவள் சுட்டப்படுகிறாள். ஆயினும் அந்நாளின் நிகழ்ச்சிக்குப் பொருள் உரைத்தவள் அவளே. பெயரின் காரணத்தைக் கூறும் ஆசிரியர் பெட்டி, மாமன், கணவன் என மூன்றையும் சேர்த்துச் சொல்கிறார். அவளுடைய இறுதிச் சொல்லாக வருவதிலோ பெட்டி ஒன்றே குறிக்கப்படுகிறது. அவள் ஆண்ட வினைச்சொல்லும் நுட்பமானது. 'கலா' என்னும் அச்சொல் நாடுகடந்து சிறைப்பட்டுப் போதலையும் உணர்த்தும். பின்னாளில் அசீரியர் இஸ்ரவேலரைச் சிறைகொண்டு போனதைக் கூறவும் இவ்வினையே பயன்பட்டது. மக்கள் நாடு கடத்தப்படும் முன்னரே மகிமை நாடு கடத்தப்பட்டது என்பதை அவள் உணர்ந்திருந்தாள்.

ஆண்பிள்ளை பிறந்தமையால் எல்லாத் துயரும் ஆறிவிடும் என்பது உடனிருந்தோர் அளித்த ஆறுதல். குடும்பத்திற்கு வாரிசு கிடைத்தமை சமுதாயத்தின் வீழ்ச்சிக்கு ஈடாகாது என்பது அவள் மௌனத்தின் பொருள். ராகேலின் வரலாற்றை ஈண்டு ஒப்புநோக்கலாம். அவளும் பேறுகாலத்தில் இறந்தவள். பிள்ளைக்குத் துயரம் தோன்றப் பெனோனி எனப் பெயரிட்டாள். தந்தை யாக்கோபு அதனைப் பென்யமீன் என மாற்றினான். இக்கபோத்துக்குப் பெயர் மாற்றத் தந்தை இல்லை. எனவே தாயின் சொல் திருத்தப்படாமல் நின்றது.

பெயரின் பிற்கால வாழ்வு

பதினான்காம் அதிகாரத்தில் சவுல் அரசனுடன் இருந்த ஆசாரியன் அகியாவின் மரபைக் கூறுமிடத்தில், அவன் தந்தை அகிதூப் 'இக்கபோத்தின் சகோதரன்' என அறிமுகமாகிறான். தந்தை பெயரால் ஒருவரைச் சுட்டுவதே வழக்கம். உடன்பிறந்தான் பெயர் இடையில் வருவது, சீலோவின் துயரம் மறக்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. 1850 இல் அமெரிக்கக் கவிஞர் விட்டியர், தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டத்திற்குத் துணைநின்ற அரசியலாளர் டேனியல் வெப்ஸ்டரைக் கண்டித்து எழுதிய கவிதைக்கு 'இக்கபோத்' என்றே தலைப்பிட்டார். பதவி இழவாமலே ஒருவர் மகிமையை இழக்கலாம் என்பதற்கு அப்பெயர் மீண்டும் பயன்பட்டது.

பெலிஸ்தர் நாட்டில் ஏழு மாதம் இருந்த பெட்டி இஸ்ரவேல் எல்லைக்குள் திரும்பியது. ஆனால் சீலோவுக்குத் திரும்பவில்லை. ஆகவே அத்தாய் உரைத்தது முழுமுடிவன்று. எனினும் அவ்வில்லத்தைப் பொறுத்தவரை பொய்யுமன்று. தன் கண்முன் நிகழ்ந்ததை மறைக்காமல் சொல்லிச் சென்றாள். பிறர் தந்த எளிய ஆறுதலை ஏற்று அன்று வேறொரு பெயரை அவள் இட்டிருந்தால், சீலோவில் என்ன இழக்கப்பட்டது என்பதை ஒரே சொல்லில் உரைக்கும் பெயர் பின்னோர்க்குக் கிடைத்திராது.