மூட்டு வலி மாத்திரைகளும் நம் பெரியவர்களும்

(ரமளானுக்கு முன்னர் மஸ்ஜித் வளாகத்தில் நடைபெற்ற ஜமாஅத் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

  

நோன்பின் சட்டங்களைக் கேட்டுப் பழகிய இக்காலத்தில், முழங்கால் வலி மாத்திரையைப் பற்றி நாம் பேசப்போவது தங்களுக்கு வியப்பளிக்கலாம். நாம் மருத்துவர் அல்லர். மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே எடுத்துரைக்கின்றோம். ஆயினும் இதில் மார்க்கம் சார்ந்த ஒரு செய்தியும் உண்டு. அதற்காகவே இன்று இதை எடுத்துக்கொண்டோம்.

நோயாளிகளை நலம் விசாரிக்கச் செல்லும் இல்லங்கள் பலவற்றில், தலையணையோரம் ஒரு சிறு டப்பாவைக் காண்கின்றோம். அட்டை கிழிந்து, பெயரும் தெரியாத மாத்திரைகள் அதனுள் கிடக்கும். "இவை எதற்குப் பெரியவரே?" என்று வினவினால், "தராவீஹ் முழுவதும் நின்று தொழ வேண்டுமே ஹஜ்ரத்! ஒன்றைப் போட்டுக்கொண்டால் கால் தாங்குகிறது" என்பார்கள். நாற்காலியில் அமர்ந்து தொழுவதற்கு நாணி, மருந்துக் கடையில் 'ஒரு செட்' வாங்கி விழுங்கிவிட்டு முதல் ஸஃப்பில் வந்து நிற்போர் நம் மஹல்லாவில் ஒருவர் இருவர் அல்லர்.

இம்மாத்திரை உடலினுள் என்ன செய்கின்றது என்பதை அறிந்தால் அச்சம் தானே பிறக்கும். மூட்டு வீங்கி வலிப்பதற்குப் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் காரணமாகின்றன. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இப்பொருள்கள் உண்டாவதைத் தடுத்தே வலியை அடக்குகின்றன என்பதை 1971இல் ஜான் வேன் என்னும் அறிஞர் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரூஃபென், நாப்ராக்சென் ஆகிய யாவும் இவ்வழியிலேயே செயற்படுகின்றன. ஆனால் மூட்டில் வலியை உண்டாக்கும் அதே பொருள்களே இரைப்பையின் உட்சுவரைத் தன் அமிலத்திலிருந்து காக்கின்றன. சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதி குறையாமலும் பார்த்துக்கொள்கின்றன. திருடனைப் பிடிக்கச் சென்றவர் காவற்காரனையும் சேர்த்துக் கட்டிப்போட்டது போலாகிறது!

ஆதலால் வலி தணிந்தது என்பது தீங்கு நேரவில்லை என்பதற்குச் சான்றாகாது. இரைப்பையில் புண் உண்டாகி, யாதொரு வயிற்று வலியும் இன்றியே குருதி கசிவதுண்டு. மலம் தார் போன்று கறுத்துப் போதலும், காப்பித் தூள் போன்ற வாந்தியும் அதன் அடையாளங்கள். (இரும்புச் சத்து மாத்திரை உண்போருக்கும் மலம் கறுக்கும், எனினும் அதனால்தான் என்று தாமே முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம்.) அறுபத்தைந்து வயதைக் கடந்தோர், முன்னர் குடற்புண் இருந்தோர், ஆஸ்பிரினோ ஸ்டீராய்டோ குருதி உறையாமைக்கான மாத்திரையோ உண்போர் ஆகியோருக்கு இவ்வபாயம் மிகுதி. இவர்களுக்கு மருத்துவர்கள் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரையைச் சேர்த்துத் தருவர். அஃது இரைப்பைக்குக் காவல். சிறுநீரகத்திற்கும் இதயத்திற்கும் காவலன்று. 'கேஸ் மாத்திரையும் சேர்த்துத்தானே போடுகிறேன்' என்று நிம்மதியாய் இருப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றோம். நம் பெரியவர்களுள் பலர் இரத்த அழுத்தத்திற்கு டெல்மிசார்டான், லோசார்டான், எனலாபிரில் போன்றவற்றுள் ஒன்றை உட்கொள்கின்றனர். சிலருக்கு நீர் பிரிவதற்கான மாத்திரையும் உண்டு. இவ்விரண்டோடு வலி மாத்திரையும் சேருமாயின் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயில் ஆகியவற்றால் உடலில் நீர் வற்றிய வேளையில் இவ்வபாயம் இன்னும் பெருகும். அந்நாட்களில் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்வதே முறை. கால் வீக்கம், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றை 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்கலாகாது.

வானில் வட்டமிட்ட பிணந்தின்னிக் கழுகுகளைப் பெரியவர்கள் கண்டிருப்பீர்கள். அவை இந்தியாவில் தொண்ணூறுகளுக்குப் பின் ஏறக்குறைய அற்றுப்போயின. டைக்ளோஃபெனாக் செலுத்தப்பட்ட மாடுகளின் சடலங்களை உண்டு, சிறுநீரகம் செயலிழந்து அவை மடிந்தன என்பது 2004இல் ஆய்வாளர்களால் நிறுவப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. பறவையின் உடல் வேறு, மனிதனின் உடல் வேறு என்பது உண்மையே. ஆயினும் இம்மருந்தை மிட்டாய் போல் எண்ணுவோர் இச்செய்தியை நினைவிற் கொள்ளட்டும்.

இதயத்தின் நிலையும் இவ்வாறே. வயிற்றுக்கு இதமானது என்று புகழப்பெற்ற ரோஃபிகாக்சிப் என்னும் மாத்திரை, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவிப்பதாக அறியப்பட்டு 2004இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பயன்படுத்தத் தொடங்கிய முதற் சில வாரங்களிலேயே இவ்வபாயம் நேரலாம் என்று 2015இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் பொருத்தியவர், இதய நிபுணரைக் கேளாமல் வலி மாத்திரையைத் தொடவே கூடாது. இதயத்திற்கென்று நாள்தோறும் சிறு அளவு ஆஸ்பிரின் உண்போர், இபுபுரூஃபெனை அதற்குச் சற்று முன்னர் உண்டால் ஆஸ்பிரினின் பயனே தடைபடும்.

பெயர்களிலும் ஒரு குழப்பம் உள்ளது. ஒரு மருத்துவர் ஜீரோடால்-பி எழுதித் தருகின்றார். அது அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது. மறுநாள் காய்ச்சலுக்குக் கடையில் காம்பிஃப்ளாம் வாங்குகின்றோம். அது இபுபுரூஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தது. மாலையில் வேறோரிடத்தில் டைக்ளோஃபெனாக் ஊசியும் போட்டுக்கொள்கின்றோம். பெயர் மூன்று, இனம் ஒன்று! ஓரினத்து மாத்திரைகள் இரண்டைச் சேர்த்து உண்பதால் நிவாரணம் இரட்டிப்பதில்லை, தீங்கே பெருகும். பெயரற்ற பொட்டலங்களையும், மூன்றே நாளில் மூட்டு வலி போகும் என்று விற்கப்படும் பொடிகளையும் அறவே தவிர்த்தல் வேண்டும். இத்தகையவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தமை பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

அவ்வாறாயின் வலியைப் பொறுத்துக்கொண்டே இருப்பதா? அவ்வாறு நாம் கூறவில்லை. தேய்மானத்தால் வரும் முழங்கால் வலிக்கு முதலில் டைக்ளோஃபெனாக் களிம்பைத் தடவிப் பார்க்கலாம். உடலினுள் செல்லும் மருந்து அதில் மிகக் குறைவு. மூட்டுக்கோ பயன் உண்டு. தொடைத் தசைக்கான பயிற்சியும் எடைக் குறைப்பும் மாத்திரையைவிட நீடித்த பயன் தருவன. மாத்திரை தேவையெனின் மருத்துவர் கூறும் மிகக் குறைந்த அளவை, மிகக் குறைந்த நாட்களுக்கு, உணவுக்குப் பின் ஒரு குவளை நீருடன் உட்கொள்ள வேண்டும். நாட்பட உண்போர் கிரியாட்டினின் பரிசோதனையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்வது அவசியம். காலையில் நெடுநேரம் விரல் மூட்டுகள் விறைத்து வீங்குமாயின் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வலி மாத்திரை மட்டும் உண்டு காலம் கடத்தினால், உள்ளே மூட்டு சிதைந்துகொண்டே இருக்கும்; அதற்குரிய மருந்துகள் வேறு.

இனி ரமளான். ஸஹரில் மாத்திரையை விழுங்கிவிட்டு பகல் முழுவதும் நீரின்றி இருப்பது சிறுநீரகத்திற்கு நல்லதன்று. மூன்று வேளை மாத்திரையை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே நெருக்கி உண்பது அதனினும் தீது. அளவையும் நேரத்தையும் மாற்றித் தருமாறு ரமளானுக்கு முன்னரே மருத்துவரிடம் கேளுங்கள். தோலின் மேல் தடவும் களிம்பினால் நோன்பு முறியாது. நோன்பு நோற்றால் நோய் மிகும் என்று மருத்துவர் கூறுவாராயின் நோன்பை விட்டுவிட ஷரீஅத் இடமளிக்கின்றது. குணமடைந்த பின் களா செய்யலாம். இனி இயலவே இயலாதவருக்கு ஃபித்யா இருக்கின்றது.

நாற்காலியைப் பற்றித் தெளிவாகவே கூறுகின்றோம். நிற்க இயலாதவர் அமர்ந்தும், ஸுஜூது செய்ய இயலாதவர் சைகையாலும் தொழலாம் என்பது சட்டம். நிற்க மட்டும் இயலுமாயின் நிலையில் நின்று, எஞ்சியதை அமர்ந்து நிறைவேற்றலாம். அது வலியுடையோருக்கு அல்லாஹ் அளித்த சலுகை. இதில் நாணம் எங்கிருந்து வந்தது? நாற்காலியில் அமர்ந்தவரை ஏளனமாய் நோக்கும் இளைஞர்களும் நம்மிடையே இருக்கின்றனர். பெரியவர்களின் கையில் அம்மாத்திரையைக் கொடுத்தவர்களுள் தாங்களும் அடக்கம் என்பதை அவர்கள் அறியட்டும்.

ஸஃப்புகளின் ஓரங்களில் கூடுதல் நாற்காலிகள் இடுமாறு நிர்வாகத்தாரிடம் நாம் கேட்டுக்கொண்டுள்ளோம். பிள்ளைகள் இன்றிரவே தம் வாப்பா, உம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உண்பவை உட்பட அனைத்தையும் ஒரு பையிலிட்டு, அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்கையில் அவர் முன் வைக்கட்டும். பெயர் தெரியாதவற்றையும் விட்டுவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். வஸ்ஸலாம்.