பார்மட் போடுமுன் ஒரு நிமிடம்!

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. நான் அம்பத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். போன மாதம் நம் செயலாளர் போன் செய்து, "தொழில்நுட்பத் தலைப்புல ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். அவர் எனக்கு இரண்டு வருஷம் சீனியர். "செயற்கை நுண்ணறிவு பத்தியாண்ணே?" என்று கேட்டேன். "அதுக்கு வேற ஆள் இருக்கு. அப்டேட் போட்டேன், என் வீட்டு மெஷின் கிளம்பல. அதைப் பத்திப் பேசு" என்றார். அவருடைய மெஷினுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். அவர் மேடையிலேயே இருக்கிறார், அனுமதி வாங்கிவிட்டேன்.

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி எஸ்டேட் பக்கம் நடந்தால், எந்தப் பட்டறையிலும் மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கும். மேலே இரும்புத் தூசி, பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், சாமி படம். பன்னிரண்டு, பதினைந்து வயதான மெஷின்கள். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் காரணம் இருக்கும். அந்தப் பழைய பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. அல்லது அந்த சாப்ட்வேருக்கான பூட்டு, பழைய பிரிண்டர் போர்ட்டில்தான் செருகும். ஆவடியில் டியூஷன் சென்டர், பூந்தமல்லியில் ஜெராக்ஸ் கடை, எங்கேயும் இதே கதைதான். இந்த மெஷின்கள்தான் ஒரு நாள் காலையில் அப்டேட் போட்டபின் கிளம்பாமல் நிற்கும்.

நின்றதும் நம் ஊரில் எல்லோரும் சொல்லும் ஒரே வார்த்தை: "பார்மட் போட்டுடலாம் சார்."

நானும் அப்படிச் சொன்னவன்தான். அதைச் சொல்லத்தான் முக்கியமாக இங்கே நிற்கிறேன்.

2008ஆம் ஆண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மூன்றாவது சர்வீஸ் பேக் அந்த மே மாதம்தான் வந்திருந்தது. பாடியில் லேத் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர் தன் மெஷினைக் கொண்டு வந்தார். ஆன் செய்தால் விண்டோஸ் படம் வரும், ஒரு நொடி நீலத் திரை மின்னும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். விடிய விடிய அதையே செய்யும். நான் கேட்டேன்: "பேக்கப் இருக்கா ஐயா?" அவர், "இருக்கு தம்பி, இருக்கு" என்றார். பார்மட் போட்டேன். மாலையில் மெஷின் புதுசு மாதிரி ஓடியது. கேட்ட 300 ரூபாயை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வந்தார். "தம்பி, அந்த பேக்கப்பைக் காணோமே?" அவர் சொன்ன பேக்கப், சி டிரைவில் ‘பேக்கப்’ என்று பெயர் வைத்திருந்த ஒரு போல்டர்! அதே ஹார்ட் டிஸ்க்கில், அதே டிரைவில் இருந்தது. ஆறு வருஷத்து ஜாப் டிராயிங், டெலிவரி சலான் எல்லாம் அதில்தான். புது விண்டோஸ் அதன் மேல் எழுதி முடித்துவிட்டது. மீட்டெடுக்கும் சாப்ட்வேர்களை வைத்து மூன்று இரவு முயன்றேன். பாதி திறக்காத பைல்களாக வந்தன, மீதி வரவேயில்லை.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அலமாரியில் வைத்திருந்த சாம்பிள் பீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வைத்து அளந்து, மகனை உட்காரவைத்து டிராயிங் முழுவதையும் மறுபடி போட்டார். சாம்பிள் இல்லாத ஜாப்கள் போனது போனதுதான்.

இதில் இன்னொரு வேதனை. அந்தக் கோளாறு என்ன என்பதைச் சில வாரம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இன்டெல் மெஷினுக்குத் தயார் செய்த விண்டோஸ் காப்பியை அப்படியே ஏ.எம்.டி. மெஷினிலும் போட்டு விற்றிருந்தார்கள். இன்டெல் பிராசசருக்கான ஒரு டிரைவர் அதில் தங்கிவிட்டது. சர்வீஸ் பேக் போட்ட பிறகு அந்த டிரைவர் ஏ.எம்.டி. பிராசசரில் ஓடப் பார்த்து விழுந்தது. எக்ஸ்பி சி.டி.யைப் போட்டு, ரெகவரி கன்சோலுக்குப் போய், ‘டிஸேபிள் இன்டெல்பிபிஎம்’ என்று ஒரே ஒரு வரி அடித்திருந்தால் மெஷின் எழுந்திருக்கும். ஒரு வரி! அதற்குப் பதிலாக நான் ஒரு மனிதருடைய ஆறு வருஷத்தை அழித்தேன்.

அன்றிலிருந்து கடையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கிளம்பாத மெஷின் வந்தால் முதல் வேலை ரிப்பேர் இல்லை, காப்பி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு சாட்டா–யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி, வேறு மெஷினில் செருகிப் பார்ப்பேன். கேபிள் நம் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அல்லது பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ் ஒன்றைப் போட்டு பைல்களை வெளியே எடுக்கலாம். விண்டோஸ் கிளம்பவில்லை என்பதும், பைல்கள் போய்விட்டன என்பதும் வேறு வேறு சமாசாரம். பெரும்பாலும் பைல்கள் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று: டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டால் அதன் மேல் எந்தச் சோதனையும் ஓட்டாதீர்கள், உடனே கழற்றிவிடுங்கள். ‘செக்டிஸ்க்’ போட்டுப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தால், ஊசலாடிக்கொண்டிருக்கும் உயிரும் போய்விடும். புது மெஷின்களில் டிஸ்க் பூட்டியிருக்கலாம், அப்போது பிட்லாக்கரின் ரெகவரி எண் வேண்டும்.

காப்பி எடுத்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே நின்றது?" என்பதுதான். ‘கிளம்பல’ என்றால் போதாது.

பேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை என்றால், விண்டோஸ் அப்டேட் மேல் பழி போடாதீர்கள். அங்கே விண்டோஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை. ராம் கார்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திருப்பி மாட்டுங்கள். பாதி மெஷின்கள் அதிலேயே எழுந்துவிடும். இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், ஆனால் நடக்கும். 2023 டிசம்பர் புயல் மழையில் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்ததே, அதில் நனைந்த மெஷின்களைக் காய வைத்து ஓட்டியவர்கள் நிறையப் பேர். ஈரம் பட்ட போர்டில் துரு ஏறி, மாதக் கணக்கில் கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும். போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பெனிப் படம் வந்து, கறுப்புத் திரையில் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிற மாதிரி இங்கிலீஷில் எழுதினால், முதலில் யு.எஸ்.பி.யில் ஏதாவது செருகியிருக்கிறதா பாருங்கள். திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போய், பின்பக்கம் மாட்டியிருந்த ஒரு பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு வந்தேன். அதற்கு எப்படி பில் போடுவது? காபி கொடுத்தார்கள்.

விண்டோஸ் படம் வந்து வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? அப்போதுதான் அப்டேட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் முதலில் ஹார்ட் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அது மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. பழைய சுழலும் டிஸ்க்கில், போட்ட அப்டேட்டைத் தானே திருப்பிக் கழற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். பொறுமையில்லாமல் ஆப் செய்தால் பாதியில் நிற்கும், அதுதான் உண்மையான ஆபத்து. நம் பக்கம் கரண்ட் போகிற லட்சணம் உங்களுக்கே தெரியும். யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போன வீட்டில் அப்டேட் போடாதீர்கள்.

விளக்கு அசையவே இல்லை, ஒரு மணி நேரம் ஆயிற்று என்றால், விண்டோஸ் 10ல் ஒரு வழி. வட்டம் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆப் செய்யுங்கள். இப்படி இரண்டு, மூன்று தடவை செய்தால் அது தானே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே கடைசியாகப் போட்ட அப்டேட்டை நீக்கும் வசதி இருக்கிறது. அதுவும் முடியாவிட்டால் கமாண்ட் திரையில் ‘டிஸ்ம்’ என்ற கட்டளையைக் கொண்டு நீக்கலாம். மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தத் திரையில் சி டிரைவ் சி ஆகவே இருக்கும் என்று நம்பக்கூடாது. பல தடவை டி ஆகியிருக்கும். ‘டிர்’ அடித்து, விண்டோஸ் போல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டளை கொடுங்கள்.

அப்டேட்டே குற்றவாளியாக இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2018 ஜனவரியில் ‘மெல்ட்டவுன்’ என்ற பிராசசர் ஓட்டையை அடைக்க மைக்ரோசாப்ட் அவசரமாக ஓர் அப்டேட் வெளியிட்டது. பழைய ஏ.எம்.டி. அத்லான் மெஷின்கள் பல, விண்டோஸ் படத்தோடு உறைந்து நின்றன. சில நாளில் அந்த மெஷின்களுக்கு அனுப்புவதை நிறுத்திவைத்து, பிறகு திருத்திக் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மெல்ட்டவுன் ஏ.எம்.டி. பிராசசர்களைத் தாக்காது. வராத நோய்க்குப் போட்ட ஊசியில் படுத்த மாதிரி! 2024 ஜூலை 19 உங்களுக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேரின் ஒரு பைல் உலகெங்கும் சுமார் 85 லட்சம் மெஷின்களை நீலத் திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் மருந்து, சேப் மோடில் போய் அந்த ஒரு பைலை அழிப்பதுதான். பார்மட் இல்லை.

இனிமேல் இந்தத் தொல்லை கூடும் என்றுதான் எனக்குப் படுகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரும், டி.பி.எம். 2.0 சிப்பும் கேட்கிறது. அந்தச் சோதனையை ஏமாற்றிப் பழைய மெஷினில் ஏற்றிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கோர் 2 டுவோ வைத்திருப்பவர்கள் அதற்கு இணங்காதீர்கள். 2024ல் வந்த 24எச்2 பதிப்புக்குத் தேவையான சில கட்டளைகள் அந்த பிராசசரிலேயே கிடையாது, எத்தனை தடவை ஏற்றினாலும் கிளம்பாது. அந்த வயதுக்கு லினக்ஸ் நல்ல துணை.

சரி, செயலாளர் அண்ணன் கதைக்கு வருகிறேன். அவர் வீட்டு மெஷின் 2010 வாக்கில் வாங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு ‘அப்டேட் செய்து ஆப் செய்’ என்பதை அழுத்திவிட்டு, மறுநாள் திருத்தணி கிளம்பும்போது வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். திங்கட்கிழமை வந்து ஆன் செய்தால் நீலத் திரை. பூட் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தது. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அப்டேட் கெடுத்துடுச்சு, பார்மட்தான்" என்று சொல்லிவிட்டார். அதில் நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், முப்பது வருஷத்துப் போட்டோக்கள், இந்த மலருக்கு வந்த கட்டுரைகள்!

நான் போனதும் பயாஸுக்குள் நுழைந்து தேதியைப் பார்த்தேன். 2009 ஜனவரி 1 என்றது. புரிந்துவிட்டது. போர்டில் இருக்கும் காசு மாதிரியான சி.ஆர். 2032 பேட்டரி செத்து எத்தனையோ நாளாயிற்று. சுவர் ஸ்விட்ச் எப்போதும் ஆனில் இருந்ததால் அந்தக் கரண்டிலேயே பயாஸ் தன் ஞாபகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் ஸ்விட்ச் அணைந்ததும் எல்லாம் மறந்துபோய், ஹார்ட் டிஸ்க்கை ஏ.எச்.சி.ஐ. முறையில் படிக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டு, பழைய ஐ.டி.இ. முறைக்குத் திரும்பிவிட்டது. விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியவில்லை. புது பேட்டரி போட்டு, தேதியைத் திருத்தி, ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றினேன். பத்து நிமிஷம். அப்டேட் பாவம், தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் தூங்கியிருந்தது. அந்தப் பட்டியலை வைத்துத்தான் உங்களுக்கெல்லாம் அழைப்பிதழ் வந்தது.

பாடிப் பெரியவர் பட்டறையை இப்போது அவர் மகன் பார்க்கிறார். மெஷின் சர்வீஸ் இன்னமும் என்னிடம்தான். ஒவ்வொரு தடவையும் கதவருகில் நின்று, "அண்ணே, காப்பி எடுத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்பார். நான் இரண்டு தடவை காட்டுவேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் கேபிள்களோடு உட்கார்ந்திருப்பேன். பழைய மெஷின் ஒன்றும் வைத்திருக்கிறேன், கெடுத்தும் வைத்திருக்கிறேன். மாணவர்கள் வந்து, எங்கே நின்றது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.