கோடை விடுமுறையும் வீட்டுக் கல்வியும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சங்கத்தின் 25 ஆண்டுப் பெருமைகளை எடுத்துரைக்கத் தகுதியுடையோர் இம்மேடையில் பலர் உள்ளனர். அரசுப் பள்ளித் தலைமையாசிரியனாகிய நான் ஒரு சிறு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோடையில் பள்ளி மூடப்படுகிறது; ஜூன் மாதத்தில் திறக்கப்படுகிறது. இடைப்பட்ட நாள்களில் நம் தெருப் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகிறது?

ஐந்தாம் வகுப்பில் புதிதாக அமர்ந்த பிள்ளையிடம் ஜூன் மாதத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். மார்ச்சு மாதத்தில் சரளமாகப் படித்தவன் இப்பொழுது எழுத்துக் கூட்டித் தடுமாறுவான். ஏழாம் வாய்பாடு பாதியில் நின்றுவிடும். கடன் வாங்கிக் கழித்தல் மறந்திருக்கும். கதை சொன்னால் புரிந்துகொள்ளும் அறிவு சிறிதும் குறைந்திருக்காது. பழக்கத்தால் நிலைக்க வேண்டியவை மட்டுமே, பழக்கம் அற்றதால் நழுவியிருக்கும். அதே வகுப்பில் வேறொரு பிள்ளை தட்டுத் தடையின்றிப் படிப்பான். அவன் வீட்டிற்கு நாளிதழ் வருகிறது. அக்காள் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு மாமன் வீடு சென்றால் அங்கும் நூல்கள் இருக்கின்றன. அவனுக்கு விடுமுறை பள்ளிக்குத்தான், படிப்புக்கு அன்று. இவ்வேறுபாட்டை அறியாதோர், "இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். பிறர் சொல்வதினும், நம் பெற்றோரே அதை நம்பிவிடுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வீட்டில் இடமில்லை என்பார்கள். உண்மைதான். அண்ணல் அம்பேத்கரின் குடும்பமும் பம்பாயில் தொழிலாளர் குடியிருப்பொன்றில் ஒரே அறையில் வாழ்ந்தது. தந்தை இராம்ஜி, மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்து, பின்னிரவு 2 மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்தார். நூல் வாங்கக் கையில் பணமில்லாதபோது, மணமான மகள்களிடம் நகை வாங்கி அடகு வைத்தார். பள்ளி விட்டதும் அம்மாணவர் சர்னி ரோடு பூங்காவில் அமர்ந்து படிப்பது வழக்கம். அதைக் கவனித்த கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் அருகே சென்று பேசினார், நூல்கள் கொடுத்தார், 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாக அளித்தார். இராம்ஜி இராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பிள்ளையைப் படிக்க வைக்கும் முறையை அறிந்தவர். நம் வீடுகளில் எல்லாத் தந்தையரும் அவ்வாறு இருத்தல் இயலாது. ஆனால் கேளுஸ்கர் செய்த வேலையை இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வோர் இளைஞரும் செய்யலாம் அன்றோ?

மறதியைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தை மாதத்திற்குப் பின் நம் குடும்பங்கள் பல, முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைகளுக்குப் புறப்படுகின்றன. பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளையும் தேர்வு முடிந்த மறுநாளே அங்கு அழைத்துச் செல்லப்படுகிறான். அறுத்த கல்லைத் திருப்பிப் போடவும், காய்ந்ததை அடுக்கவும் சிறு கைகள் பயன்படுகின்றன. மழை தொடங்கும்வரை சூளை நடக்கும். பள்ளியோ ஜூனில் திறந்துவிடும். 14 வயது நிறையாத குழந்தைகளை எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும், அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவலாம் என்னும் விலக்கும் அதனுடன் சேர்ந்தே வந்தது. இவ்விலக்கை நான் விரும்பவில்லை. அது இருப்பினும், சூளை நம்முடையதன்று, முதலாளியுடையது. அங்கே பிள்ளை கல் திருப்புவதைக் குடும்பத்திற்கு உதவி என்று எவரும் சொல்லிவிட முடியாது.

பிள்ளையை உடன் அழைத்துச் செல்வதைத் தவிர வேறு வழியே இல்லாத குடும்பங்களுக்கு ஒன்று கூறுவேன். பிள்ளையின் கையில் 40 பக்க நோட்டு ஒன்றைக் கொடுங்கள். இன்று அறுத்த கல் எத்தனை, 1000 கல்லுக்குக் கூலி என்ன, வாரச் செலவுக்கு வாங்கியது எவ்வளவு, முன்பணத்தில் கழிந்தது எவ்வளவு என்று அவன் நாள்தோறும் எழுதி வரட்டும். பெருக்கலையும் கழித்தலையும் இதைவிட நன்றாகக் கற்பிக்கும் பாடநூலை நான் கண்டதில்லை. கணக்குத் தீர்க்கும் நாளில், மேஸ்திரியின் நோட்டுக்கு எதிரே நம்முடைய நோட்டும் ஒன்று இருக்கும்.

ஊரிலேயே தங்கும் பிள்ளைகளுக்கு மாலை 5 மணி முதல் ஆறரை மணி வரை போதும். பகல் முழுவதும் அவர்கள் கிட்டிப்புள் ஆடட்டும், குளத்தில் நீந்தட்டும். விடுமுறை என்பது பிள்ளைகளின் உரிமை. அதைப் பறிக்க நான் வரவில்லை. கட்டணம் வாங்கும் கோடை வகுப்புகளும் வேண்டா. பாடத்தை மூன்று முறை பார்த்தெழுதச் சொல்லும் தண்டனையும் வேண்டா. பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் இளைஞர் என்று அமர்ந்து, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். பத்துச் சொற்கள் சொல்வதெழுதுதல், ஒரு வாய்பாடு, ஒரு கதை, அவ்வளவே. 2021இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இத்தகைய மாலை வகுப்புகளாகவே நடைபெற்றது. அன்று தன்னார்வலராக இருந்தவர்கள் நம்மிடையே இருப்பின் முன்வர வேண்டுகிறேன். நூல்களுக்கு நூலகம் செல்லுங்கள். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரியுடன் நூலக வரியும் வாங்கப்படுகிறது. அந்நூல்கள் நம் பணத்தாலும் வாங்கப்பட்டவையே, தயங்காது கேளுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்து, பன்னிரண்டு வயதுப் பெண்ணை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறோம். அவள் இடுப்பில் குழந்தையோடு வரட்டும். குழந்தை ஒரு மூலையில் விளையாடட்டும். தாய்மார்களே, எழுத்தறியாதவள் எப்படிப் படிப்புச் சொல்லித் தருவேன் என்று எண்ண வேண்டா. அடுப்பு வேலையின்போதே, "இன்று என்ன படித்தாய், சொல்" என்று கேளுங்கள். மகளிர் குழுக் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்கு ஒருவர் இருந்தால் பிள்ளை படிக்கும்.

இறுதியாக, ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர வேண்டிய பிள்ளைகள். பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் பெற்றாயிற்று. புதிய பள்ளியில் இன்னும் சேரவில்லை. கணினிப் பதிவில் பெயர் இருக்கலாம். வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு ஆள் வேண்டும். மே மாதத்திலேயே அப்பிள்ளைகளின் பட்டியலை இளைஞர்கள் எழுதி வையுங்கள். பள்ளி திறக்கும் நாளன்று மாலையில் அப்பட்டியலோடு தெருத் தெருவாகச் செல்லுங்கள். வராத பிள்ளை சூளையில் இருந்தால், எந்த ஊர்ச் சூளை என்று கேட்டெழுதி, மறுநாள் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அழைத்து வருவதற்கு உங்களுடன் வருவது என் பொறுப்பு.

நம் சங்கக் கட்டடத்தின் முன்கூடம் கோடை முழுவதும் பூட்டியே கிடக்கிறது. மின்விளக்கு உண்டு, பாய்கள் உண்டு. வரும் மே முதல் நாளன்று அதன் சாவியை இளைஞர்களிடம் ஒப்படைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.